தீர்த்தம் கருத்த ஞாயிறு

வில்லியனூரிலிருந்து சேதராப்பட்டு போகிற வழியில் சவேரியார்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஜனங்கள் வீட்டுக்குப் போவதில்லை. நேராகத் தென்னந்தோப்புக்குப் போகிறார்கள். பிரசங்கம் பாதி ஓடும்போதே செருப்பைத் தேடுகிறவர்கள், தோப்பில் மண்டை காயும் வெயிலில் முணுமுணுக்காமல் வரிசையில் நிற்கிறார்கள். கையில் ஆளுக்கொரு சொம்பு. சொம்பில் அவரவர் வீட்டுத் தண்ணீர். அதில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று தெரியாமல் அவர்களுக்கு மதியச் சோறு இறங்காது. விஷம் இருப்பது முன்பே தெரிந்த விஷயம்தான். போன வாரமும் இருந்தது.

விஷத்தைக் கண்டு சொல்பவர் மண்ணடியார். பெற்றவர்கள் வைத்த பெயர் செல்லப்பன். தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, வாசலில் ‘பூமித்தாயின் கடைசி மகன்’ என்று பலகை மாட்டியிருந்தார். கைத்தறி வேட்டி, கழுத்தில் கொட்டாங்குச்சி மாலை, காலில் மரக்கட்டைச் செருப்பு. கார் உண்டு. ஆனால் அதை ஊருக்குள் கொண்டுவர மாட்டார், பூமிக்கு வலிக்கும். வில்லியனூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, மாரிமுத்துவின் மாட்டு வண்டியில் ஏறி வருவார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூமிக்கு வலி தெரியாது போலிருக்கிறது.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. பெட்டியிலிருந்து இரண்டு குச்சிகள் தொங்கும். அதற்குப் பெயர் பூதநாடி. சித்தர்கள் காலத்துக் கருவி என்றார். சித்தர்கள் காலத்துக் கருவிக்கு ப்ளக் பாயிண்ட் தேவைப்பட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குச்சிகளைத் தண்ணீரில் விட்டு சுவிட்சைப் போடுவார். தண்ணீர் முதலில் மஞ்சளாகும். பிறகு பச்சை. பிறகு நுரை கட்டிக்கொண்டு, சாக்கடையைப் போலக் கருத்துவிடும். கூட்டம் மூச்சு விடாமல் பார்க்கும். அடுத்து, தான் விற்கும் ‘தாய்மடி நீர்’ பாட்டிலைத் திறந்து இன்னொரு டம்ளரில் ஊற்றுவார். அதே குச்சி, அதே சுவிட்ச். தண்ணீர் கண்ணாடியாக அப்படியே இருக்கும்.

“பார்த்தீர்களா, பிள்ளைகளே. நீங்கள் பூமிக்குச் செய்ததை, பூமி உங்களுக்குத் திருப்பித் தருகிறது.”

பிள்ளைகள் பார்த்தார்கள். பாட்டில் வாங்கினார்கள்.

சவேரியார்குப்பம் பாவசங்கீர்த்தனம் செய்து பழகிய ஊர். மனசைச் சோதித்து, பாவத்தை வகை பிரித்து, முழங்கால் போட்டுச் சொல்வதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. மண்ணடியாருக்கு அது பெரிய வசதியாகிவிட்டது. ஈர மணலில் கால் வைக்கச் சொல்லி ‘கார்பன் கால்தடம்’ பார்ப்பார். பெரிய பாதம் உள்ளவர்களுக்குப் பாவம் அதிகம். பார்த்து முடித்ததும் சங்கீர்த்தனம்.

“தோத்திரம் ஐயா,” என்றாள் எலிசா ஒருநாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. “போன வாரம் நாலு கேரி பேக் வாங்கிட்டேங்க. ஒரு ஷாம்பு பாக்கெட்டு. அப்பறம்…” குரல் தாழ்ந்தது. “எங்க வூட்டுக்காரரு தொந்தரவு தாங்காம ஒரு கொசுவத்தி.”

“கொசுவும் பூமியின் பிள்ளைதான், மகளே.”

“தெரியுங்க ஐயா. அதுங்களுக்குத்தான் நாங்க சொந்தம்னு தெரிய மாட்டேங்குது.”

அபராதமாக ஒரு பெட்டி தாய்மடி நீர் வாங்கச் சொன்னார். எலிசா வாங்கினாள்.

அவள் சொன்ன வீட்டுக்காரர் லியோ பிரகாஷ், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவருடைய வீடு பசுமையாகிவிட்டது. பேஸ்ட் போயிற்று, அடுப்புக்கரி வந்தது. முதல் நாள் பல் விளக்கிக்கொண்டு வேலைக்குப் போனவரிடம் சூப்பர்வைசர், “இன்னா லியோ, டயர் கடிச்சியா?” என்று கேட்டார். சனிக்கிழமை ஃபேன் கிடையாது. ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அதற்குள் வெங்காயம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வஞ்சிர மீன் திங்கட்கிழமை தெருவுக்கே தெரிந்தது. லியோ பிரகாஷின் அண்ணன் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகையை விதைக் காகிதத்தில் அடித்தார்கள். மண்ணில் போட்டால் செடி முளைக்குமாம். அதற்கு முன்பே ஆடுகள் தின்றுவிட்டன. பாதிப் பேர் தேதி தெரியாமல் கல்யாணத்துக்கு வரவில்லை.

ஊரில் எல்லா ஆம்பிளைகளுக்கும் உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று, “இந்தப் பசுமைக்காரனுங்க தொல்ல தாங்கல்பா” என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்ப்பார்கள். ஏனென்றால் எதிர்த்துப் பேசியவர்கள் வீட்டுத் தண்ணீர் அடுத்த ஞாயிறு இன்னும் கருப்பாக வந்தது. குச்சியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பது மண்ணடியார் கையில் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

எரிந்தது மட்டும் நிஜம். யோசித்தவர் ஒருவரும் இல்லை.

அந்தப் பஸ் ஸ்டாப்பில்தான் ரோஸி மேரியின் இட்லிக் கடை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ரோஸி மேரிக்குக் கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். கடன் கேட்டால் திட்டுவாள், திட்டிக்கொண்டே இட்லி வைப்பாள். கணவன் இல்லை. மகள் லில்லி புதுச்சேரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முழுக்க இந்த இட்லிப் பானையின் ஆவியில் நடந்தது. இன்னும் கடைசி வருஷம் பாக்கி. பானை அடங்கினால் லில்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

பானை அடங்கியது. மண்ணடியார் ஒருநாள் காலையில் பெட்டியோடு கடைக்கே வந்துவிட்டார். ரோஸி மேரி சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். கட்டிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவர் கவரைச் சோதிக்கவில்லை. சுவிட்ச்போர்டு எங்கே என்று கேட்டார். குடத்துத் தண்ணீரில் குச்சியை விட்டார், கருத்தது. ரசத்தில் விட்டார். அது தாரைப் போலாகிவிட்டது.

“இது ரசமல்ல,” என்றார் மண்ணடியார், கூட்டத்தைப் பார்த்து. “மரணம்.”

கையிலிருந்த தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. லியோ பிரகாஷ் வாயிலிருந்த இட்லியை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விழுங்கிவிட்டார். ஆனால் மறுநாள் வரவில்லை.

“என் நீரில் சமையுங்கள், அம்மா. கடையில் என் பலகையை மாட்டுகிறேன். பூமி மன்னிக்கும்,” என்றார் மண்ணடியார்.

“உன் பாட்டில வாங்கி மாவு கரைச்சா, இட்லிய யாராண்ட விக்கிறது? நகைக்கடைலயா?”

“ஆணவமும் ஒரு மாசுதான்,” என்றார் மண்ணடியார், வண்டியில் ஏறிக்கொண்டே.

அதற்குப் பிறகு கடையில் ஈ மட்டும்தான் வந்தது. ரோஸி மேரி காலையில் அடுப்பைப் பற்ற வைப்பாள், உட்காருவாள், மத்தியானம் இட்லியைக் கோழிகளுக்குப் போடுவாள். லில்லியிடம் போனில் “வியாபாரம் நல்லா போவுதுடி” என்பாள். போனை வைத்துவிட்டு அழுவாள். பத்து வருஷம் தன் கையால் சாப்பிட்டவர்கள், ஒரு குச்சியைப் பார்த்துவிட்டு எதிர்ச் சாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இப்படியே போயிருந்தால் மண்ணடியார் பக்கத்து ஊரிலும் ஒரு தோப்பு எடுத்திருப்பார். அவரைக் கெடுத்தது எதிரி இல்லை, பக்தர்.

உபதேசியார் பெனடிக்ட் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர். மண்ணடியாரின் முதல் வரிசைச் சீடரும் அவரே. இரண்டு பக்கமும் விசுவாசமாக இருப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஊர்த் தண்ணீர் எல்லாம் விஷம், சரி. கோயில் தீர்த்தம்? பங்குச் சாமியார் மந்திரித்த தீர்த்தம் கருக்குமா? கருக்காது. கருக்காமல் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும். அந்த ஞாயிறு அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பாட்டிலில் தீர்த்தத்தை எடுத்து, முன்னால் போய் நின்றார்.

மண்ணடியார் தயங்கினார். வேண்டாமே என்றார். பெனடிக்ட் விடவில்லை. “நீங்க வைங்க ஐயா. ஜனங்க பாக்கட்டும்.”

குச்சி இறங்கியது. தீர்த்தம் மஞ்சளாவதற்குக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரேயடியாகக் கருத்தது. அந்தத் தோப்பில் அதுவரை எந்தத் தண்ணீரும் அப்படிக் கருத்ததில்லை. சிலுவை போட்டுக்கொண்டவர்கள் பாதி, வாயைப் பொத்திக்கொண்டவர்கள் பாதி.

“பாட்டில் பிளாஸ்டிக்,” என்றார் மண்ணடியார் அவசரமாக.

பெனடிக்ட் ஓடிப்போய்ச் செப்புச் சொம்பில் கொண்டுவந்தார். மறுபடியும் கருத்தது.

மண்ணடியார் கண்ணை மூடிக்கொண்டார். “ஊர் செய்த பாவம் கோயிலுக்குள்ளும் இறங்கிவிட்டது. நான் என்ன செய்வேன்?”

கூட்டம் அதையும் நம்பிற்று. பெனடிக்டால் மட்டும் முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு, கருப்புத் தீர்த்தத்தை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், நடந்து வந்தார். மந்திரித்ததைக் கண்ட இடத்தில் ஊற்றலாகாது. விஷத்தைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது. கடைசியில் ரோஸி மேரியின் காலிக் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் அவரைப் போலவே கருப்பு ஒட்டிக்கொண்டு நின்ற இடம் அது ஒன்றுதான்.

“இன்னா உபதேசியாரே, மூஞ்சி இப்டி இருக்குது?”

அவர் சொம்பைக் காட்டினார். ரோஸி மேரி எட்டிப் பார்த்தாள்.

“என் ரசம் மாதிரியே இருக்குதே.”

“கிண்டல் பண்ணாத ரோஸி. மனசு கெடக்குற கெடையில…”

“கிண்டல் இல்ல. என் கொடத்துத் தண்ணி இந்த அளவுக்குக் கருக்கல. ரசம்தான் கருத்துச்சி.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆமா, தீர்த்தத்துல இன்னா போடுறாரு சாமியாரு?”

“இன்னா போடுவாங்க? வெறும் தண்ணிதான். கல்லுப்பு மந்திரிச்சிப் போடுவாரு. நம்ம பழைய வழக்கம்.”

ரோஸி மேரி விரல் விட்டு எண்ணினாள். ரசத்திலும் உப்பு. தீர்த்தத்திலும் உப்பு. இரண்டும்தான் மற்ற எதையும்விடக் கருத்தவை. ஊர் போர்வெல் தண்ணீர் வாயில் விட்டாலே லேசாகக் கரிக்கும், அது கொஞ்சம் கருத்தது.

“உபதேசியாரே,” என்றாள். “வர்ற ஞாயித்துக்கெழம நானும் தோப்புக்கு வரேன்.”

வந்தாள். கையில் சொம்பு இல்லை. வெறுங்கையோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற எலிசா ஒதுங்கி வழிவிட்டாள். மரியாதைக்காக இல்லை, ஒட்டிக்கொள்ளும் என்று.

“மனம் திரும்பி வந்தீர்களா, அம்மா?” என்றார் மண்ணடியார்.

“திரும்பத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சோதிச்சுக் காட்டுங்க. ஒலகத்துல சுத்தமான தண்ணி எது?”

“தாய்மடி நீர்.”

“அதுக்கு அடுத்து?”

மண்ணடியார் தலைக்குமேல் காட்டினார். பெருமையாக. “இதோ, இளநீர். மனிதன் கை படாதது. என் தோப்பில் மருந்தே கிடையாது.”

“லியோ, ஒண்ணு வெட்டுடா,” என்றாள் ரோஸி மேரி.

லியோ பிரகாஷ் வெட்டினார். எல்லார் முன்னிலையிலும் டம்ளரில் ஊற்றினார். மண்ணடியார் கையை நீட்டவில்லை. ரோஸி மேரியே குச்சிகளை எடுத்து உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டாள். இளநீர் மஞ்சளாயிற்று. பச்சையாயிற்று. நுரைத்துக்கொண்டு கருத்தது.

வரிசையில் நின்றவர்கள் தங்கள் சொம்புகளை எட்டிப் பார்த்தார்கள்.

“வெட்டிய கத்தி இரும்பு,” என்றார் மண்ணடியார்.

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. பழக்கம்.

“சரி,” என்றாள் ரோஸி மேரி. “கத்தி வேணாம். இளநி வேணாம். உங்க பாட்டிலு, உங்க டம்ளரு. நீங்களே ஊத்துங்க.”

ஊற்றினார். வேறு வழியில்லை. குச்சி இறங்கியது, தாய்மடி நீர் தெளிவாக நின்றது. மண்ணடியாருக்கு முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

ரோஸி மேரி அவருடைய கடைப்பலகைக்குப் போனாள். தாய்மடி நீர், வேப்பங்குச்சி, சீயக்காய், ‘கடலன்னையின் இயற்கை உப்பு’ எல்லாம் அடுக்கியிருந்தது. உப்புப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். முதலில் தன் வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். எலிசா வாயில் கொஞ்சம். உபதேசியார் வாயில் கொஞ்சம். மிச்சத்தை அந்தத் தெளிந்த டம்ளரில் போட்டுக் கலக்கினாள்.

“அம்மா, அதைத் தொடாதீர்கள். அது…”

சுவிட்ச் விழுந்தது. தாய்மடி நீர் கருத்தது. ரசத்தைப் போலக் கருத்தது, தீர்த்தத்தைப் போலக் கருத்தது, நுரை பொங்கி டம்ளரின் வாயைத் தாண்டி வழிந்தது.

“உன் தண்ணி. உன் உப்பு. உன் குச்சி,” என்றாள் ரோஸி மேரி. “இதுல யாரு பாவம் பண்ணது?”

தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்டு பாயும். கரண்டு பாய்ந்தால் இரும்புக் குச்சி கரையும். கரைந்த இரும்புதான் அந்தக் கருப்பு. உப்பில்லாத தண்ணீரில் கரண்டு ஓடாது, குச்சி கரையாது, தண்ணீர் தெளிவாக இருக்கும். அவ்வளவுதான் சித்தர் ரகசியம். இது பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நாம் எல்லோரும் அதைப் படித்து, எழுதி, பாஸும் செய்துவிட்டோம்.

அதற்குள் கொட்டகைக்குப் பின்னால் போன லியோ பிரகாஷ், ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீலக் கேன். பிளாஸ்டிக். மேலே பேட்டரி படம் போட்டு, உப்பு நீக்கியது, குடிப்பதற்கல்ல என்று அச்சடித்திருந்தது. பின்னால் இன்னும் ஒரு மலை இருப்பதாகச் சொன்னார்.

“இன்வெர்ட்டருக்கு ஊத்துற தண்ணிடி இது!”

எலிசா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, இதுலயா நான் தெனம் ஒனக்குக் கஞ்சி வெச்சேன்?”

“பரவால்ல வுடு. அதான் சனிக்கெழம ஃபேன் இல்லாமயே சார்ஜுல ஓடிட்டேன்.”

மண்ணடியார் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். குச்சிகளைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. மாரிமுத்துவின் வண்டியில் தாவி ஏறினார். “சீக்கிரம் போ! அடிச்சு ஓட்டுய்யா!” அவர் வாயிலிருந்து சாதாரணத் தமிழ் வந்ததை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மாட்ட அடிக்கக்கூடாதுன்னு நீங்கதான ஐயா சங்கீர்த்தனத்துல சொன்னீங்க,” என்றார் மாரிமுத்து. மாடுகள் தங்களுக்குத் தோன்றிய வேகத்தில் நடந்தன. ஊரே இரண்டு பக்கமும் கூடவே நடந்து, ரயில்வே கேட் வரைக்கும் அவருக்குத் தெரிந்த வார்த்தைகளிலும் தெரியாத வார்த்தைகளிலும் வழியனுப்பி வைத்தது. பிறகு தெரிந்தது, கடலூர்ப் பக்கம் இதே பெட்டியை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீர் மெஷின் விற்றவராம். இங்கே முன்னேறிவிட்டார், மெஷின் இல்லாமல் தண்ணீரை மட்டும் விற்றார்.

பெனடிக்ட் அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட நீளமாகக் கோயில் மணி அடித்தார். தீர்த்தத் தொட்டியைத் துடைத்து நிரப்பும்போது கண் கலங்கியது என்று அவரே சொன்னார்.

ரோஸி மேரியின் கடையில் அன்று ராத்திரிப் பலகாரத்துக்குப் பூசைக்கூட்டத்தைவிடக் கூட்டம். ஊர் விடுதலை அடைந்துவிட்டது. இளவட்டங்கள் வீட்டில் கிடந்த மஞ்சப்பையையெல்லாம் குவித்து, அதன்மேல் ஏறி ஆடினார்கள். லியோ பிரகாஷ் காலிப் பாட்டில், கேன், கவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கடைக்குப் பக்கத்து வாய்க்காலில் ஒரே வீச்சாக வீசினார். கைதட்டல்.

“யக்கா, பத்து இட்லி பார்சல். சாம்பார கவர்ல கட்டு. ரெண்டு கவரா கட்டு! இனிமே எவன் கேப்பான்?” என்றார் லியோ பிரகாஷ்.

“கவர் கெடையாது. தூக்கு எடுத்துக்கினு வா.”

“இன்னா யக்கா, நீயேவா? அதான் எல்லாம் டுபாக்கூர்னு ஆயிடிச்சே!”

ரோஸி மேரி கரண்டியை வைத்தாள். “குச்சிதான்டா டுபாக்கூரு. போன மழைக்கு இந்த வாய்க்கா எப்டி அடச்சிக்கினுச்சி, மறந்துட்டியா? கொம்யூன் பஞ்சாயத்துக்காரன் வந்து குத்தி எடுத்தான் பாரு, எல்லாம் கவரு. அதுல பாதி நான் சாம்பார் கட்டிக் குடுத்த கவரு. முட்டி அளவு தண்ணில நின்னுக்கினுதான் நான் இட்லி அவிச்சேன். அதப் பாக்க எதுக்குடா ப்ளக் பாயிண்ட்டு? எறங்கிப் போயி நீ போட்டத எடு.”

லியோ பிரகாஷ் வாய்க்காலைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே இறங்கினார்.

வரிசையில் நின்ற மற்றவர்கள் கையில் கொண்டுவந்திருந்த கவர்களைச் சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். தூக்கு எடுக்க இரண்டு பேர் வீட்டுக்கு ஓடினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரோஸி மேரி சொல்லிவிட்டாள், போதும்.

எலிசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணில் பழைய பக்தி அப்படியே பத்திரமாக இருந்தது.

“யக்கா, தோப்பு இப்ப சும்மாதான கெடக்குது. வர்ற ஞாயித்துக்கெழம நீயே வந்து உக்காந்து, எது நல்ல தண்ணி எது கெட்ட தண்ணின்னு சொல்லேன். நீ சொன்னா நாங்க அப்டியே கேட்டுக்குவோம்.”

ரோஸி மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தோப்பு காலியா இருந்தா எவனுக்காவது குத்தகைக்கு வுடுங்கடி,” என்றாள். “அதோட சேத்து மண்டையையும் எதுக்கு வுடுறீங்க?”